மழை பெய்த மறுநாள் நாற்று கேட்டு வரும் மரம் நடும் குழுக்களுக்கு

வணக்கம்.

சண்டை போடுவதற்காக இதை எழுதவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்காமல் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவர்கள் நீங்கள், உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. நான் ஒரு சமூக நாற்றங்காலில் பத்து வருடமாக வேலை செய்கிற ஆள். சம்பளம் கிடையாது. பன்னிரண்டு பதின்மூன்று பேர் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றுகிறோம், விதை பொறுக்குகிறோம், பை நிரப்புகிறோம், வளர்ந்ததை விற்கிறோம், விற்ற காசில் மறுபடி மண்ணும் எருவும் வாங்குகிறோம். வளர்ப்பது எல்லாம் இந்த மண்ணுக்குரிய செடிகள்தான், அதனால் மழைக்காலம் வந்தால் உங்களுக்கு எங்கள் ஞாபகம் வருகிறது.

பிரச்சினையே அங்கேதான். மழை வந்த பிறகுதான் வருகிறது.

போன வருடம் முதல் மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும் எனக்கு 7 போன் வந்தது. ஆள்தான் வேறு வேறு, கேள்வி ஒன்றே: நாட்டு மரக்கன்று 500 வேண்டும், 6 அடி உயரம் இருக்க வேண்டும், சனிக்கிழமைக்குள் கிடைக்குமா? ஒருவர் கொஞ்சம் இறங்கி வந்து, "அஞ்சடின்னாலும் பரவாயில்லங்க" என்றார். இல்லை என்று சொன்னால் எதிர்முனையில் ஒரு அமைதி, அப்புறம் "நாற்றங்கால்னு போர்டு வெச்சிருக்கீங்களே" என்று ஒரு கேள்வி. இருக்கிறது ஐயா, போர்டும் இருக்கிறது, நாற்றும் இருக்கிறது. நீங்கள் கேட்கிற கன்று சனிக்கிழமைக்கு உருவாகாது, அது போன வருடம் ஆடி மாதம் ஒருவர் குனிந்து பொறுக்கியிருக்க வேண்டிய விதை.

நாவல் மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பட்டியலில் எப்போதும் இருப்பது அதுதான். பழம் ஆனி ஆடியில் உதிரும். விதையைக் கழுவி எடுத்து வைத்தோம், அடுத்த மாதம் பார்த்துக்கொள்வோம் என்று இருக்க முடியாது, பத்துப் பதினைந்து நாளில் முளைக்கிற சக்தி போய்விடும். அது காயக் கூடாத விதை, காய்ந்தால் செத்தது. அதனால் பழம் விழுகிற அந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் ஒருவர் பொறுக்கி, சதையைத் தேய்த்துக் கழுவி, ஈரம் ஆறுவதற்குள் தாய்ப்பாத்தியில் ஊன்றிவிட வேண்டும். கை விரல் எல்லாம் ஒரு வாரத்துக்கு ஊதாவாக இருக்கும், அது வேறு. முளைத்து வரும்போது ஒரு வேடிக்கை உண்டு, ஒரே விதையிலிருந்து இரண்டு, மூன்று, சில சமயம் அதற்கும் மேல் முளைகள் எட்டிப் பார்க்கும். புதிதாக வந்த ஒரு தன்னார்வப் பெண் பார்த்துவிட்டு, "அக்கா, ஒரு குழியில ரெண்டு விதை போட்டுட்டேன் போல" என்று வருத்தப்பட்டாள். நாவலின் இயல்பே அது. திடமான முளையை விட்டுவிட்டு மற்றதைப் பக்குவமாகப் பிரித்துத் தனிப் பையில் வைக்கலாம், அதிலும் முக்கால்வாசி பிழைக்கும்.

வேம்பும் இலுப்பையும் இதே கதைதான், பழம் விழுந்து சில வாரங்களுக்குள் போட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. சரக்கொன்றை நேர்மாறு. அதன் விதையை டப்பாவில் போட்டு வருடக்கணக்கில் வைத்திருக்கலாம், ஒன்றும் ஆகாது, ஆனால் அப்படியே மண்ணில் போட்டால் அதற்கும் ஒன்றும் ஆகாது, கல் மாதிரி கிடக்கும். தோல் அவ்வளவு கெட்டி. ஒவ்வொரு விதையாக எடுத்து உப்புத்தாளில் ஒரு ஓரத்தைத் தேய்த்து, உள்ளே வெளுப்புத் தெரிந்ததும் நிறுத்தி, ராத்திரி தண்ணீரில் ஊறப் போட்டால் காலையில் ஊதிப்போய் இரண்டு மடங்காக இருக்கும். ஊதாததை மறுபடி தேய்க்க வேண்டும். 300 விதையைத் தேய்க்க ஒரு முழு சாயங்காலம் போகும், பேச்சுத்துணை இருந்தால் பரவாயில்லை. வென்னீர் ஊற்றி ஊற வைப்பதும் உண்டு, நாங்கள் சூட்டைச் சரியாகக் கணிக்காமல் ஒரு தடவை மொத்த விதையையும் அவித்துவிட்டோம், அதிலிருந்து உப்புத்தாள்தான்.

இவ்வளவும் ஏன் சொல்கிறேன் என்றால், எந்தச் செடி எத்தனை என்று நாங்கள் முடிவெடுக்கும் நேரம் விதை விழுகிற நேரம். நீங்கள் முடிவெடுக்கும் நேரம் மழை விழுகிற நேரம். இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு வருட இடைவெளி. அந்த இடைவெளியில் நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஊகத்தில் வளர்க்கிறோம். யாருக்கு என்ன வேண்டியிருக்கும் என்று தெரியாமல் புங்கன் நிறையப் போட்டு மருது குறைவாகப் போட்டால், அந்த வருடம் பார்த்து எல்லாரும் ஏரிக்கரையில் நட மருது கேட்பார்கள்.

நாங்கள் இல்லை என்றதும் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எங்கே கையிருப்பு இருக்கிறதோ அங்கே போகிறீர்கள். எப்போதும் கையிருப்பில் இருப்பவை சுலபமாக முளைப்பவையும் சீக்கிரம் உயருபவையும்தான், சிவப்பாகப் பூக்கும் மயில்கொன்றை, தூங்குமூஞ்சி, தபேபுயா, கொஞ்ச காலமாகக் கோனோகார்பஸ். மயில்கொன்றை மடகாஸ்கரிலிருந்து வந்தது, தூங்குமூஞ்சியும் தபேபுயாவும் அமெரிக்க வெப்பமண்டலத்துக்காரர்கள். வெளிநாட்டு மரம் எல்லாம் விஷம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை, தூங்குமூஞ்சி நிழலில் நானும் வண்டியை நிறுத்தியிருக்கிறேன். ஆனால் பதாகையில் "நாட்டு மரங்கள் நடுவிழா" என்று போட்டுவிட்டு அதற்குக் கீழே தபேபுயாவை வரிசையாக வைத்துப் படம் எடுத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது, மன்னிக்கவும். சிரிப்போடு போனால் பரவாயில்லை. சீமைக் கருவேலத்தையும் ஒரு காலத்தில் நல்லெண்ணத்தோடுதான் கொண்டுவந்தார்கள், வறண்ட நிலத்தில் வளரும், விறகு கிடைக்கும் என்று. உண்ணிச்செடி அழகுக்காக வந்தது. இரண்டும் இன்றைக்கு எங்கெங்கே எப்படிக் கிடக்கின்றன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, களை வெட்டும் முகாமும் நீங்கள்தானே நடத்துகிறீர்கள்.

பெயரிலும் ஒரு குழி இருக்கிறது. "கொன்றை 50 வாங்கிட்டோம்" என்று சந்தோஷமாகச் சொன்னார் ஒரு குழுக்காரர், வேறெங்கோ வாங்கியது. போய்ப் பார்த்தால் மஞ்சள் கொன்றை. காடுகளுக்குள் புகுந்து, வெட்டினாலும் திரும்ப முளைத்துக்கொண்டு, வனத்துறையை வருடக்கணக்கில் படுத்திக்கொண்டிருக்கிற அதே மரம். தமிழில் கொன்றை என்றால் அதுவும் கொன்றை இதுவும் கொன்றை. வாகையும் அப்படியே, நாட்டு வாகை ஒன்று, தூங்குமூஞ்சி வாகை ஒன்று. பாலை என்று கேட்டீர்களானால் ஏழிலைப்பாலையா, வெப்பாலையா, குடசப்பாலையா, உலக்கைப்பாலையா என்று நான் திருப்பிக் கேட்பேன், அது நக்கல் இல்லை. நிலத்துக்கே செடியின் பெயரை வைத்த மொழி இது, குறிஞ்சி, முல்லை, மருதம் என்று. கொஞ்சம் கவனித்துக் கேட்கலாம். வாங்கும்போது தாவரவியல் பெயரையும் கேட்டு எழுதி வாங்குங்கள், வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை, காசியா பிஸ்டுலா என்று அட்டையில் இருந்தால் சரக்கொன்றை, வேறு என்ன இருந்தாலும் ஒரு தடவை நின்று யோசியுங்கள்.

சரி, உயரத்துக்கு வருகிறேன். எனக்கு அதிகம் எரிச்சல் வருகிற விஷயம் இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன்.

மூன்று வருடம் முன்பு நடப்பட்ட ஒரு புங்கன், சாலை ஓரத்தில். நடும்போதே ஆள் உயரம், பார்க்க ஜோராக இருந்ததாம். இரண்டு மழை தாண்டியும் பெரிதாகத் துளிர்க்கவில்லை, மூன்றாவது மழையில் ஒரு காற்றடித்தது, சாய்ந்துவிட்டது. அந்தக் குழு கூப்பிட்டார்கள், போய்ப் பார்த்தேன். கையால் இழுத்தேன், வந்துவிட்டது. மூன்று வருட மரம் கையோடு வரக் கூடாது. மண்ணை உதறிப் பார்த்தால் வேர் முழுக்க ஒரு பையின் வடிவம். பை இல்லை, கிழித்துவிட்டுத்தான் நட்டிருக்கிறார்கள், அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கன்று அந்தச் சின்னப் பையில் இரண்டு வருடமோ மூன்று வருடமோ இருந்திருக்கிறது, ஆணிவேர் அடியில் முட்டி, திரும்பி, கயிறு சுற்றின மாதிரி சுற்றிச் சுற்றி இறுகிவிட்டது. அப்புறம் எவ்வளவு நல்ல மண்ணில் வைத்தாலும் அது அந்தச் சுற்றிலேயே பருத்துக்கொண்டிருக்கிறது, வெளியே இரண்டு மூன்று நரம்பு மாதிரி வேர்தான் போயிருந்தது. நான் அதைத் தண்ணீரில் கழுவி நாற்றங்கால் வாசலில் மாட்டி வைத்திருக்கிறேன். 6 அடிக் கன்று கேட்டு வருகிறவர்களிடம் எதுவும் பேசாமல் அதைக் காட்டுவேன். பாதிப் பேருக்குப் புரிகிறது.

முழங்கால் உயர நாற்று போதும். வேர் பையின் அடியைத் தொட்டிருக்கும், சுற்ற ஆரம்பித்திருக்காது, தண்டு பென்சில் கனம், நிழல்வலையிலிருந்து வெளியே வந்து ஒரு மாதம் வெயில் தின்று இலை கொஞ்சம் தடித்து நிறம் மங்கியிருக்கும். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு "வாடின மாதிரி இருக்கே" என்று பச்சைப் பசேல் என்று நிழலில் நிற்பதைக் கேட்பீர்கள். நிழலில் நிற்பதை எடுத்துப் போய் வெட்டவெளியில் நட்டால் ஒரே வாரத்தில் கருகும். அந்த மங்கல் நாங்கள் தண்ணீரைக் குறைத்துக் குறைத்துப் பழக்கியதால் வந்தது, அதுதான் அதன் தேர்ச்சிச் சான்றிதழ்.

மியாவாகி காடு என்று நீங்கள் நிறையச் செய்கிறீர்கள், அதனால் அவரையே சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். அகிரா மியாவாகி ஜப்பானியத் தாவரவியலாளர், 2021இல் காலமானார். அவர் முறையின் அடிப்படை அடர்த்தி என்று நாம் பிடித்துக்கொண்டோம், சதுர மீட்டருக்கு மூன்று கன்று என்று. மனிதர் முதலில் செய்தது வேறு வேலை, அந்த இடத்தில் மனிதன் கை வைக்காமல் இருந்தால் எந்தக் காடு இருந்திருக்கும் என்று பழைய கோயில் தோப்புகளையும் மிச்சக் காடுகளையும் அலைந்து பார்த்துப் பட்டியல் எடுத்தது, அங்கேயே விதை பொறுக்கியது, அதைத் தொட்டியில் வளர்த்து வேர் நன்றாகப் பிடித்ததும் சின்ன நாற்றாகவே நட்டது. 6 அடிக் கன்றை அவர் கேட்கவில்லை.

அப்புறம் ஒரு வயிற்றெரிச்சல் கதை, பெயர் சொல்லாமல். ஒரு அமைப்பு, ஒழுங்காக ஒரு வருடம் முன்பே 400 நாற்று சொன்னார்கள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை, முதன்முதலாக ஒருவர் முன்கூட்டியே சொல்கிறார்களே என்று. இலுப்பை, மகிழம், கருமருது, நீர்மருது என்று இடம் பார்த்துப் பிரித்து வளர்த்தோம். மழை வந்தது, ஆள் வரவில்லை. கேட்டால் விழா தள்ளிப்போய்விட்டது, சிறப்பு விருந்தினருக்குத் தேதி கிடைக்கவில்லை. அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம். மழை முடிந்துபோனது. 400 பையின் வேரும் அடிக்கண் வழியாக இறங்கித் தரையைப் பிடித்துக்கொண்டது, பையைத் தூக்கினால் டப் டப் என்று வேர் அறுகிற சத்தம் கேட்கும், அந்தச் சத்தம் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். கோடையில் எல்லாவற்றையும் பெரிய பைக்கு மாற்றி, தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றி, 150ஐக் காப்பாற்றினோம். விருந்தினர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தேதியை மழையிடம் கேட்டு வைக்கலாம் என்பதுதான்.

"சேவைதானே செய்றீங்க, இலவசமா கொடுக்கக் கூடாதா?" என்பது அடுத்த கேள்வி. கொடுத்துப் பார்த்தோம், ஆரம்பத்தில் இரண்டு வருடம். வாங்கிப் போனவர்கள் கணக்கு பெரிதாக இருந்தது, நட்டவர்கள் கணக்கைக் கேட்கவே கூச்சமாக இருந்தது. ஒரு நிகழ்ச்சி முடிந்த மறுநாள் அதே மண்டபத்துக்குப் பின்னால் எங்கள் பைகள் நாற்பது ஐம்பது சாய்ந்து கிடந்ததை நானே பொறுக்கிக்கொண்டு வந்தேன். சின்ன விலையாவது வைத்தால் தேவைப்படுகிற எண்ணிக்கையை மட்டும் எடுக்கிறார்கள், குழி எடுத்துவிட்டு வருகிறார்கள். அதோடு மண், எரு, நிழல்வலை, மோட்டார் ரிப்பேர் எல்லாம் எங்கிருந்து வரும்? கென்யாவில் வங்காரி மாத்தாய் 1977இல் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கத்தில் கிராமத்துப் பெண்கள்தான் நாற்றங்கால் வைத்தார்கள், நட்டுப் பிழைத்த கன்றுக்குத்தான் அவர்களுக்குச் சிறு தொகை கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் காட்டில் விழுந்த விதையைப் பொறுக்கி, ஓட்டை டப்பாவிலும் உடைந்த சட்டியிலும் வளர்த்துக் கற்றுக்கொண்டவர்கள். நாம் நட்ட கணக்கை மட்டும் அறிக்கையில் எழுதுகிறோம். ஒரே ஒரு தடவை, இரண்டாவது கோடை முடிந்த பிறகு எத்தனை நிற்கிறது என்று எண்ணி எனக்கு அனுப்புங்களேன். 1000 நட்டு 200 நிற்கிறது என்றால் அதையே எழுதுங்கள், எந்த மரம் போனது, எந்த மரம் நின்றது என்று எங்களுக்குத் தெரிந்தால் அடுத்த விதையை அதைப் பார்த்துப் போடுவோம். இந்தத் தகவல் எங்களுக்கு நன்கொடையை விடப் பெரிது.

மரம், மரம் என்று நானும் உங்களோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் நாற்றங்காலின் வலது மூலைக்கு உங்களில் யாரும் வருவதே இல்லை. அங்கே நொச்சி, காரை, விராலி, ஆதொண்டை, கிலுகிலுப்பை, ஆடுதின்னாப்பாளை எல்லாம் இருக்கின்றன. புதர், கொடி, தரையில் படர்வது. இவை உங்கள் எண்ணிக்கையில் சேராது, படத்தில் உயரமாகத் தெரியாது. ஆனால் ஒரு காடு என்பது வரிசையாக நட்ட கம்பங்கள் இல்லையே, அடியில் புதரும் மேலே ஏறக் கொடியும் இல்லாவிட்டால் குருவி எங்கே உட்காரும், ஓணான் எங்கே ஒளியும்.

அந்த மூலையில் நடந்த ஒன்று. ஒரு அம்மா வில்வக்கன்று வாங்கிப் போனார், மூன்று வாரம் கழித்து மொட்டையாகத் திருப்பிக் கொண்டுவந்தார். "புழு தின்னுடுச்சு, மருந்தடிச்சே கொடுக்க மாட்டீங்களா?" மீதியிருந்த ஒரு இலையில் ஒன்று இன்னும் உட்கார்ந்திருந்தது, கருப்பும் வெள்ளையுமாக, பார்த்தால் பறவை எச்சம் என்றே தோன்றும். எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் புழு. சின்னதாக இருக்கும்போது எச்சம் மாதிரி வேஷம், வளர்ந்ததும் பச்சைக்கு மாறிவிடும். வில்வம், எலுமிச்சை, நாரத்தை குடும்பத்து இலைதான் அதற்கு முக்கிய உணவு. கன்றை இங்கேயே விட்டுப் போங்கள், பத்து நாள் கழித்து வாருங்கள் என்றேன். வந்தார். கன்று துளிர்த்திருந்தது, பக்கத்துக் குச்சியில் கூடு தொங்கியது. இப்போது அவர்தான் ஆடுதின்னாப்பாளைக்கு எங்கள் பெரிய வாடிக்கையாளர், சிவப்பு உடம்பு அழகிப் பட்டாம்பூச்சிகள் அதில்தான் முட்டையிடும் என்று யார் கேட்டாலும் எனக்கு முன்னால் அவரே விளக்கிவிடுகிறார். நாங்கள் பூச்சி மருந்து அடிப்பதில்லை, அதனால் எங்கள் செடியில் ஓட்டை இருக்கும். மொத்தமாக எடுக்கும்போது ஓட்டை இலை உள்ளதை ஓரம் ஒதுக்குகிறீர்கள் பாருங்கள், அதைச் செய்யாதீர்கள்.

சந்தனம் பற்றி ஒரு வரி. சந்தனக் கன்றோடு அதே பையில் ஒரு துவரஞ்செடி இருந்தால் அது களை இல்லை. சந்தனம் பக்கத்துச் செடியின் வேரை ஒட்டி உறிஞ்சித்தான் வளரும், அதற்காக நாங்களே போட்டது. சுத்தபத்தமாகப் பிடுங்கி எறிந்துவிட்டு "உங்க சந்தனம் மட்டும் பிழைக்கவே மாட்டேங்குது" என்று சொன்னவர்கள் இதுவரை நான்கு பேர்.

சில செடிகளை எங்களிடம் கேட்கவே வேண்டாம். பனை நாற்று கேட்கிறீர்கள். பனங்கொட்டை முளைக்கும்போது முதலில் இலை மேலே வராது, ஒரு குழாய் கீழே இறங்கும், ஆழமாக இறங்கி அங்கே கிழங்கு வைத்து, அதற்கப்புறம்தான் மேலே ஒரு ஓலை எட்டிப் பார்க்கும். அதைப் பையில் வளர்ப்பதும் பிடுங்கி நடுவதும் வீண் வேலை. கொட்டையை எடுத்து நேராகக் கரையில் ஊன்றிவிட்டுப் போங்கள், நாற்றங்காலே வேண்டாம். பூவரசுக்கும் கிளுவைக்கும் கிளையிலிருந்து போத்து வெட்டி நட்டால் போதும். ஆலும் அரசும் பறவை எச்சத்தில் சுவர் இடுக்கிலும் தண்ணீர்த் தொட்டி விளிம்பிலும் முளைத்துக்கொண்டேதான் இருக்கின்றன, வீட்டுக்காரர் ஆசிட் ஊற்றுவதற்கு முன்னால் நீங்கள் போய் மழை பெய்த சாயங்காலம் ஈரத்தோடு பக்குவமாக உரித்தெடுத்துக் கொண்டுவந்தால் நாங்கள் பையில் வைத்துத் தேற்றித் தருகிறோம். போன வருடம் ஒரு கல்லூரி மாணவர் கூட்டம் இப்படி ஒரே வாரத்தில் 30 கன்று கொண்டுவந்தது, 22 பிழைத்தது.

விதை பொறுக்க நாங்களே வருகிறோம் என்று உங்களில் சிலர் சொல்கிறீர்கள், ரொம்ப சந்தோஷம், ஆனால் ஒரே மரத்தடியில் சாக்கு நிரப்பிக்கொண்டு வராதீர்கள். அத்தனையும் ஒரு தாய்ப் பிள்ளைகள், ஒரு நோய் வந்தால் மொத்தமும் போகும், வளர்ந்து அவையே தங்களுக்குள் கலந்தால் அடுத்த தலைமுறை விதை நோஞ்சானாக இருக்கும். தள்ளித் தள்ளி இருக்கிற பத்து இருபது மரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். காட்டுச் செடியில் எல்லாவற்றையும் வழித்தெடுக்கவும் கூடாது, இங்கிலாந்தில் கியூ தாவரவியல் பூங்கா நடத்துகிற மில்லினியம் விதை வங்கிக்காரர்கள் அன்றைக்குப் பழுத்திருக்கிற விதையில் 20 சதவீதத்துக்கு மேல் எடுப்பதில்லை என்று வைத்திருக்கிறார்கள், நாங்களும் அதையே பிடித்துக்கொண்டோம். மிச்சம் பறவைக்கும் எறும்புக்கும் மரத்துக்கும். செடியையே தோண்டிக்கொண்டு வருவதைப் பற்றிப் பேசவே வேண்டாம், அப்படிக் கொண்டுவந்தால் நாங்கள் வாங்குவதில்லை.

தூரத்துப் பண்ணையிலிருந்து லாரியில் இறக்கிக்கொள்கிறோம் என்பவர்களுக்கும் ஒன்று. பிரிட்டனில் ஆஷ் மரங்களைக் கொன்றுகொண்டிருக்கிற பூஞ்சை நோய் 2012இல் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது ஒரு நாற்றுப்பண்ணையில், நெதர்லாந்திலிருந்து வாங்கிய கன்றுகளில். அவர்கள் ஊரில் ஆஷ் சாதாரணமாக முளைக்கிற மரம், அதைக் கடல் தாண்டி வாங்கியிருக்கிறார்கள். கன்றோடு மண் வருகிறது, மண்ணோடு என்ன வருகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. நம் பக்கம் பார்த்தீனியம் விதை இப்படிப்பட்ட பைகளிலும் வந்து சேர்கிறது, இறக்கின இடத்தில் அடுத்த மழைக்கு முளைத்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பக்கமும் தப்பு உண்டு, மறைக்கவில்லை. ஒரு வருடம் மார்க்கர் பேனாவில் எழுதிய அட்டை எல்லாம் வெயிலில் வெளுத்துப்போய், எது கருமருது எது நீர்மருது என்று குழம்பி, இரண்டு வருடம் கழித்து ஒரு பள்ளிக்கூடத்துக்காரர் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் மாற்றிக் கொடுத்தோம் என்று தெரிந்தது. சின்ன நாற்றில் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும், இருந்தாலும் தப்பு தப்புதான். இப்போது பென்சிலில் எழுதுகிறோம், பென்சில் எழுத்தை வெயில் தொடுவதில்லை. போனை எடுக்காமல் இருப்பதும் உண்டு, கை நிறைய சேறு இருக்கும்போது எடுக்க முடிவதில்லை, ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள், ராத்திரி பார்த்துவிடுவேன். அப்புறம் எங்களிடம் இருக்கிற வகைகளின் பட்டியலை மாதாமாதம் எழுதி வைப்போம் என்று சொல்லி மூன்று மாதம் எழுதினோம், நின்றுபோனது. அதை யாராவது ஒருவர் பொறுப்பெடுத்துச் செய்தால் பாதித் தகராறு குறையும், உங்களில் கணினி தெரிந்தவர்கள் இருந்தால் வாருங்கள்.

ஆக நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த வருட மழைக்கு எங்கே நடப்போகிறீர்கள் என்று இந்த ஆடிக்குள் முடிவு செய்யுங்கள். மரத்தின் பெயரைச் சொல்லாதீர்கள், இடத்தைச் சொல்லுங்கள், கரையா மேடா, தண்ணீர் நிற்குமா, உப்பு மண்ணா, மேலே மின்கம்பி போகிறதா, ஆடு வருமா. முடிந்தால் ஒரு நாள் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள், பக்கத்தில் பழைய தோப்போ வேலியோ மிச்சமிருந்தால் அதையும் பார்த்துவிடலாம், அங்கே என்ன தானாக நிற்கிறதோ அதுதான் நமக்குப் பட்டியல். முன்பணம் கொஞ்சம் கொடுத்துவிடுங்கள், மேலே சொன்ன 400 கதைக்கு அப்புறம் அதில் நாங்கள் கறாராகிவிட்டோம். நட்டு முடிந்ததும் கிழித்த பைகளை அங்கேயே போட்டுவிடாமல் மூட்டையாகக் கட்டித் திருப்பிக் கொண்டுவந்தால் அதற்குத் தனியாக நன்றி சொல்வேன். நடுவில் ஒரு ஞாயிறு வந்து இரண்டு மணி நேரம் பை நிரப்பிக் கொடுத்தால் உங்கள் நாற்றை நீங்களே பார்த்த மாதிரியும் ஆகும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது பின்னால் இரண்டு கூடை நாவல் விதை கழுவி வைத்திருக்கிறது, ஈரத்துணி மூடி. இரண்டு கூடையும் போட்டால் 1500 நாற்றாவது வரும், யாரும் கேட்காவிட்டால் ஒரு கூடைதான் போடுவோம், அவ்வளவுதான் எங்களால் தண்ணீர் ஊற்ற முடியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாத்தியில் ஊன்றுகிறோம். அதற்குள் சொல்லிவிடுங்கள்.